‘உக்காருங்க’ என்றார் அப்பா

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அப்பா எங்களை விட்டுப் போய் ஓர் ஆண்டு நிறைகிறது. அட்டையில் இருக்கும் படத்தில் அப்பா சிரிக்கவில்லையே என்று தம்பிக்குக் குறை. அப்பா என்றைக்குக் கேமராவைப் பார்த்துச் சிரித்தார்? போட்டோக்காரர் “கொஞ்சம் சிரிங்க சார்” என்று கெஞ்சினால், “நீங்க எடுங்க, எனக்கு இதான் சிரிப்பு” என்பார். ஆகவே அந்தப் படத்தையே போட்டுவிட்டோம்.

கட்டுரை எழுத வேண்டும் என்றதும், “அக்கா, நீயே எழுது. நம்ம வீட்டுல உனக்குத்தான் வாய் ஜாஸ்தி” என்று தம்பி என் தலையில் கட்டிவிட்டான். அவன் சொன்னது உண்மைதான். அந்த வாயை வைத்துக்கொண்டு நான் ஒரு பெரிய தவறு செய்திருக்கிறேன். படுக்கையில் இருந்த அப்பாவைக் கவனித்துக்கொள்ள வந்த கலைமதி என்பவர்மீது, நம் குடும்ப வாட்ஸப் குரூப்பில் நான் ஒரு பழியைப் போட்டேன். அது பொய்ப் பழி. இன்றைக்கும் அது அவருடைய பிழைப்பைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது. அதைச் சரி செய்யாமல் அப்பாவுக்கு மலர் போட எனக்கு மனம் வரவில்லை. அதனால் இந்தக் கட்டுரையில் அப்பாவின் வாழ்க்கையும் வரும், என் தவறும் வரும். பொறுமையாகப் படியுங்கள்.

அப்பா பிறந்தது நெல்லிக்குப்பத்துக்குப் பக்கத்தில், கரும்பு பயிரிடும் குடும்பத்தில். ஐந்து பிள்ளைகளில் மூன்றாமவர். பதினொரு வயதில் தகப்பனாரை இழந்தார். பெரியப்பா படிப்பை நிறுத்திக்கொண்டு கழனியைப் பார்த்துக்கொள்ள, அப்பாவைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். “எங்கண்ணன் சேத்துல நின்னாரு, நான் நாற்காலியில உக்காந்தேன்” என்று அப்பா கடைசி வரை சொல்லிக்கொண்டிருப்பார். சைக்கிள் மிதித்துக் கடலூருக்குப் போய்ப் பி.யூ.சி. முடித்தார். அதன்பின் சர்க்கரை ஆலையில் எடைமேடை எழுத்தராகச் சேர்ந்து, ஓய்வு பெறும் வரை அந்த ஒரே வேலையில் இருந்தார்.

அரவைப் பருவத்தில் கரும்பு வண்டிகள் வரிசையாக நிற்கும் காட்சியை நம் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. டிராக்டரும் மாட்டு வண்டியுமாக, முறை வரும் வரை காத்திருப்பார்கள். அப்பா ஆலையில் கேட்டு இரண்டு பெஞ்சுகள் வாங்கி எடைமேடைக்கு வெளியே போட வைத்தார். எடைச் சீட்டுக்காக யார் வந்து ஜன்னலில் எட்டிப் பார்த்தாலும் அவர் சொல்லும் முதல் வார்த்தை “உக்காருங்க” என்பதுதான். வண்டியோட்டிக்கும் அதே ‘ங்க’, ஆலை அதிகாரிக்கும் அதே ‘ங்க’. நெல்லிக்குப்பத்து மாமா, அதாவது அம்மாவின் தம்பி, இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். “எங்க மச்சான் வண்டி மாட்டக்கூட நீங்க வாங்கன்னு தான் கூப்புடுவாரு. மாடு திரும்பிப் பாக்கும், யாரடா கூப்புடுறாருன்னு.”

எங்கள் படிப்புக்காகக் கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீடு பார்த்துக் குடிவந்தார். தினமும் நெல்லிக்குப்பத்துக்கு பஸ்ஸில் போய் வந்தார். அம்மா சிறுநீரகம் பழுதாகி இரண்டு வருடம் படுக்கையில் இருந்தபோது, அப்பாவே எல்லாவற்றையும் செய்தார். தலை வாரிவிடுவார், பொட்டு வைப்பார். புடவை மாற்றும் நேரத்தில் நான் உள்ளே போனால்கூட, “செத்த வெளிய இரும்மா. அவ வெக்கப்படுவா” என்று கதவைச் சாத்திவிடுவார். பெற்ற மகளிடம் என்ன வெட்கம் என்று நான் முணுமுணுத்திருக்கிறேன். எனக்குப் புரிய வேண்டிய நேரத்தில் எது புரிந்திருக்கிறது!

அம்மா போன பிறகு அப்பா தனியாகவே மஞ்சக்குப்பத்தில் இருந்தார். நான் சிதம்பரத்தில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் கண்காணிப்பாளர். தம்பி ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கிறான். இரண்டு பேரும் கூப்பிட்டுப் பார்த்தோம். அசையவில்லை. காலையும் மாலையும் மைதானத்தைச் சுற்றி நடப்பார். அரசு அலுவலகங்களுக்கு மனுவோடு வந்து முழிக்கிறவர்களை உட்கார வைத்து மனு எழுதிக் கொடுப்பார். அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

ஏறக்குறைய மூன்று வருடத்துக்கு முன் ஒரு காலை, முகச்சவரம் செய்துகொண்டிருக்கும்போது கையிலிருந்த ரேசர் விழுந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. மருத்துவமனையில் உயிரைக் காப்பாற்றினார்கள். ஆனால் பேச்சு போய்விட்டது. எல்லா வார்த்தையும் போய், ஒரே ஒரு வார்த்தை மட்டும் மிஞ்சியது. அதுதான் “உக்காருங்க”.

டாக்டரிடம் கேட்டேன். “சில பேருக்கு இப்படி ஒரு வார்த்தை மட்டும் தங்கிடும்மா. சில நேரம் அர்த்தத்தோட சொல்லுவாங்க, சில நேரம் வேற எதுவோ சொல்ல நெனச்சு அது வந்துடும். நீங்கதான் பாத்துப் புரிஞ்சுக்கணும்” என்றார். நாங்கள் புரிந்துகொண்ட லட்சணத்தைக் கேளுங்கள். அப்பா தன்னை ‘உக்கார வைங்க’ என்றுதான் சொல்கிறார், பாதி வார்த்தை வரவில்லை என்று நானும் தம்பியும் முடிவு கட்டிவிட்டோம். அவர் “உக்காருங்க” என்றதும் ஆளுக்கொரு பக்கம் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி நிமிர்த்துவோம். அவர் முகம் சிவந்து, “உக்காருங்க! உக்காருங்க!” என்று கத்துவார். சாய்மானம் போதவில்லை போலிருக்கிறது என்று இன்னொரு தலையணையைச் சொருகுவோம். என்னைப் பார்த்து அவர் அதைச் சொல்லியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஊருக்கெல்லாம் ‘ங்க’ போட்டாலும், என்னிடம் அவர் எப்போதும் “உக்காரும்மா” என்பவர். மகளைப் போய் யாராவது ‘ங்க’ போட்டுச் சொல்வார்களா?

எனக்கும் தம்பிக்கும் லீவு தீர்ந்தது. வீட்டுக்கு ஆள் அனுப்பும் ஓர் அலுவலகத்தில் சொல்லிவைத்தோம். அவர்கள் அனுப்பியவர்தான் கலைமதி. நாற்பது வயதிருக்கும். சிதம்பரத்துக்காரர். கணவர் கொத்தனார், இரண்டு பெண் பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள். அப்பாவுடனேயே தங்கி, மாதத்தில் இரண்டே நாள் வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. வந்த அன்றே ஒரு நோட்டில் கோடு போட்டார். எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் திருப்பிப் படுக்க வைத்தார், எவ்வளவு கஞ்சி உள்ளே போனது, சிறுநீர் எப்போது போனது என்று எல்லாம் அதில் இருக்கும். படுக்கைப் புண் வராமல் இருக்க, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் அப்பாவைத் திருப்புவார். நான் சிதம்பரத்திலிருந்தும் தம்பி ஓசூரிலிருந்தும் பார்த்துக்கொள்வதற்காக அப்பாவின் அறையில் ஒரு கேமரா மாட்டினேன். போனில் பார்க்கலாம், பேசவும் செய்யலாம். நான் இங்கே பேசினால் அங்கே சுவரிலிருந்து என் குரல் வரும்.

பேசினேன். இரண்டாம் நாளே பேசினேன். கலைமதி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். “என்ன கலைமதி, உக்காந்துட்டீங்க? அப்பா முழிச்சிட்டு இருக்காரு பாருங்க” என்றேன். அவர் திடுக்கிட்டு எழுந்தார். அதன்பிறகு அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நல்ல சுறுசுறுப்பு என்று எனக்குத் திருப்தியாகக்கூட இருந்தது. என் அலுவலகத்தில் நான் நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, அங்கே ஒருவர் நாள் முழுக்க நிற்பதைப் பார்த்துத் திருப்திப்பட்டிருக்கிறேன்.

ஏழு மாதம் போயிற்று. அப்பா “உக்காருங்க” என்று சொல்லும்போது கலைமதி சில நேரம் தலையணையைச் சரி செய்வார், சில நேரம் கையைத் தடவிக் கொடுப்பார். தூக்கி உட்கார வைக்க மாட்டார். நான் சுவரிலிருந்து, “உக்கார வைங்கன்னு சொல்றாருல்ல, காது கேக்கலியா?” என்பேன். “அடிக்கடி நிமுத்தி வெச்சா வால் எலும்புக்கிட்ட புண்ணு வந்துடும் மேடம்” என்று பதில் சொல்வார். எனக்கு எரிச்சலாக வரும். இன்னொன்றையும் கவனித்தேன். தினமும் இரண்டு மூன்று தடவை ஒரு துண்டை எடுத்துக் கேமராமீது போட்டு மூடிவிடுவார். கேட்டால், “துணி மாத்துறேன் மேடம்” என்பார்.

ஒரு நாள் மதியம் அலுவலகத்தில் ஏகப்பட்ட பிரச்சினை. அந்தக் கடுப்போடு போனைத் திறந்தேன். அப்பா நாலு தடவை “உக்காருங்க” என்று கெஞ்சுகிறார். கலைமதி கட்டில் பக்கம் நின்றுகொண்டு அவரைத் தொடக்கூட இல்லை. பிறகு நேராகக் கேமராவைப் பார்த்து வந்து துண்டைப் போட்டு மூடினார். எனக்கு ரத்தம் கொதித்தது. அந்த வீடியோவை அப்படியே எடுத்து நம் குடும்பக் குரூப்பில் போட்டேன். கீழே நான் எழுதியது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். “அப்பா கெஞ்சறாரு. இந்தப் பொம்பள கேமராவ மூடுது பாருங்க. மூடிட்டு உள்ள என்ன பண்ணுதோ” என்று எழுதினேன். பத்து நிமிடத்தில் இருபது பேர் பதில் போட்டீர்கள். உடனே விரட்டு என்றார் ஒருவர். போலீசுக்குப் போ என்றார் இன்னொருவர். உங்கள்மீது குறை இல்லை. சொன்னது நான்.

அவரை அனுப்பிய அலுவலகத்துக்குப் போன் செய்து புகார் கொடுத்தேன். ஒரு கேள்வி கேட்கவில்லை அவர்கள், “நிறுத்திடுறோம் மேடம்” என்றார்கள். கலைமதிக்கு அந்தச் செய்தியை நானே சுவரிலிருந்து சொன்னேன். “பையை எடுத்துட்டுக் கிளம்புங்க.” அவர் கேமராவை நிமிர்ந்து பார்த்தார்.

“ஐயாவத் தனியா விட்டுட்டுப் போவ முடியாது மேடம். நீங்க வாங்க, வந்தப்புறம் போறேன்.”

பஸ் பிடித்துப் போனேன். அவர் நோட்டை என் கையில் கொடுத்து, எந்த மருந்து எப்போது, எந்தப் பக்கம் எப்போது என்று சொன்னார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. போகும்போது அப்பாவிடம், “வரேன் ஐயா” என்றார். அப்பா அவரைப் பார்த்து, “உக்காருங்க” என்றார். கலைமதி அழுதுகொண்டே செருப்பை மாட்டினார். மனசாட்சி உறுத்துகிறது போல என்று நினைத்துக்கொண்டேன். இதை எழுதும்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அன்றிலிருந்து ஐந்து நாள் அப்பாவை நானே பார்த்துக்கொண்டேன். முதல் நாள் டயாப்பர் மாற்றப் போனபோது, அப்பா இடது கையைத் தூக்கிச் சுவரைக் காட்டினார். தலையை ஆட்டினார். கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். ஓசூரிலிருந்து தம்பி பார்த்துக்கொண்டிருப்பான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஏழு மாதமாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதும் உறைத்தது. துண்டை எடுத்துக் கேமராமேல் போட்டேன். அப்பா கண்ணைத் திறந்தார். அம்மாவின் அறைக் கதவைச் சாத்திய மனிதர் அவர்!

இரண்டாம் நாள் எனக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. திருப்புவது, துடைப்பது, குனிந்து நிமிர்வது என்று நிற்க நேரமில்லை, உட்காரவும் நேரமில்லை. அப்பா சொல்லும்போதெல்லாம் நிமிர்த்தி வேறு வைத்தேன். மூன்றாம் நாள் அவருடைய இடுப்புக்குக் கீழே தோல் சிவந்து கிடந்தது. கலைமதி கையில் ஏழு மாதம் ஒரு கீறல் விழாத உடம்பு அது. பயந்துபோய் மருந்து தடவினேன். அதன்பின் நாற்காலியைக் கட்டில் பக்கம் இழுத்துப் போட்டுத் தொப்பென்று உட்கார்ந்தேன்.

அப்பா என்னைப் பார்த்தார். இடது பக்க உதடு மட்டும் மேலே போயிற்று. பெருமூச்சு விட்டுவிட்டு, நிம்மதியாகத் தலையைச் சாய்த்துக்கொண்டார். அரைமணி நேரம் ஒரு சத்தம் இல்லை. அடுப்பில் கஞ்சி இருக்கிறதே என்று நான் எழுந்தேன். “உக்காருங்க.” உட்கார்ந்தேன். கம்மென்று ஆகிவிட்டார். மறுபடியும் எழுந்து பார்த்தேன். “உக்காருங்க.” நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “என்னையாப்பா சொல்றீங்க?” என்று கேட்டேன். இத்தனை நாள் ஆயிற்றா உனக்கு என்பது போலப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடினார். அந்த நான்கு எழுத்தும் ஒரு ‘ங்க’வும் ஏழு மாதமாக எதிரில் நின்றவருக்காகச் சொன்னவை என்று தெரிந்ததும், ஓவென்று அழுதேன்.

ஐந்தாம் நாள் தம்பி லீவு போட்டு வந்தான். அவனை அப்பாவிடம் விட்டுவிட்டுச் சிதம்பரம் போனேன். கலைமதியின் வீடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கம். மூத்த பெண் கதவைத் திறந்தாள். உள்ளே கலைமதி தரையில் படுத்து, காலைத் தலையணைமேல் தூக்கி வைத்திருந்தார். முழங்காலுக்குக் கீழே நரம்பு முடிச்சு முடிச்சாக இருந்தது. பாதம் வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் புடவையை இழுத்து மூடிக்கொண்டு எழுந்தார்.

“வாங்க மேடம். உக்காருங்க. ஐயா எப்டி இருக்காரு?”

அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து கேட்டதும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். “கலைமதி, அப்பா உங்களைத்தான் உக்காரச் சொல்லிட்டு இருந்திருக்காரு” என்றேன்.

“தெரியும் மேடம்.”

“தெரியுமா? எப்பலேருந்து?”

“மொத வாரத்துலயே. ஒரு நாளு கரண்டு போச்சு, உங்க கேமரா அணைஞ்சிடுச்சு. செத்த உக்காந்தேன். அவுரு கம்முனு ஆயிட்டாரு. எழுந்தா திரும்ப ஆரம்பிக்கிறாரு. அப்பவே தெரிஞ்சுபோச்சு.”

“அப்ப ஏன் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?”

“சொன்னா நம்பியிருப்பீங்களா? இவ உக்கார்றதுக்கு சாக்கு சொல்றா பாருன்னு தான நெனச்சிருப்பீங்க.”

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அப்படித்தான் நினைத்திருப்பேன்.

“அந்தத் துண்டு...” என்று இழுத்தேன்.

“ஐயா கூச்சப்படுறாரு மேடம். பேச முடியலன்னா மானம் இல்லாம போயிடுமா?”

மன்னிப்புக் கேட்டேன். திரும்பி வரச் சொன்னேன். மூத்த பெண் குறுக்கே வந்து, “எங்கம்மா வரமாட்டாங்க. அஞ்சு நாளா அழுதுட்டே இருக்காங்க, தெரியுமா உங்களுக்கு?” என்றாள். கலைமதி அவளை அடக்கிவிட்டு, “யோசிச்சு சொல்றேன்” என்றார். இரண்டு நாள் கழித்துப் பையோடு மஞ்சக்குப்பத்துக்கு வந்தார். வாசலில் நின்றபடியே தன் நிபந்தனைகளைச் சொன்னார். வாரத்தில் ஒரு நாள் வீட்டுக்குப் போக வேண்டும். மதியம் அரைமணி நேரம் யாரும் கூப்பிடாமல் சாப்பிட வேண்டும். வேலை இல்லாதபோது நாற்காலியில் உட்காருவார். “அப்புறம், நீங்க சுவத்துலேருந்து கத்தக் கூடாது மேடம். ஐயா தூக்கிவாரிப் போட்டு நடுங்கறாரு.” கேமராவையே கழற்றிவிடுகிறேன் என்றேன். “வேணாம், இருக்கட்டும். நாளைக்கு யாராச்சும் எதாச்சும் சொன்னா எனக்கும் அது சாட்சி. துணி மாத்தறப்ப மட்டும் மூடுவேன்” என்றார். எல்லாவற்றுக்கும் சரி என்றேன். அவர் உள்ளே போனார். அப்பா “உக்காருங்க” என்றார். “இதோ உக்காந்துட்டேன் ஐயா” என்று சொல்லி அவர் உட்கார்ந்தார். அப்பாவின் கண் நிறைந்துவிட்டது.

அதற்குப் பிறகு அப்பாவுக்குக் கிடைத்த மாதங்கள் நல்ல மாதங்கள். தோல் சிவப்பு ஒரு வாரத்தில் ஆறியது. மாலையில் சக்கர நாற்காலியில் மைதானத்துக்குப் போவார்கள். கிரிக்கெட் ஆடும் பிள்ளைகளைப் பார்த்து அப்பா, “உக்காருங்க” என்பார். “தாத்தா, அவுட் ஆனாதான் உக்கார முடியும்” என்று ஒருவன் சொல்ல, அப்பா பாதி வாயால் சிரித்தாராம். கேமராவுக்குச் சிரிக்காதவர்! கலைமதிக்கு வார விடுமுறை செவ்வாய்க்கிழமை. அன்றைக்கு நெல்லிக்குப்பத்து மாமா வந்து அப்பாவோடு இருப்பார். விஷயத்தைச் சொன்னபோது மாமா தலையில் அடித்துக்கொண்டார். “அடப் பாவமே, எடமேடையில வந்து நின்னவன எல்லாம் உக்கார வெச்ச மனுசன் ஆச்சே. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பனே!” செவ்வாய் கழித்துக் கலைமதி திரும்பி வரும்போது முகம் தெளிவாக இருக்கும், கால் வீக்கம் வற்றியிருக்கும். அந்தத் தெளிவு அப்பாவைத் தொட்டுத் தூக்கும் அவர் கையில் தெரியும். ஓய்வு கொடுக்காமல் ஒருவரிடம் அன்பாக இரு என்று கேட்பது என்ன நியாயம் என்று இப்போது நினைக்கிறேன்.

இவ்வளவும் நடந்தது. ஆனால் நான் குரூப்பில் என்ன எழுதினேன் தெரியுமா? “ஆள் திரும்ப வந்துட்டாங்க, இப்ப எல்லாம் ஓகே.” அவ்வளவுதான். என்மீதுதான் தப்பு என்று இருபது பேர் முன்னால் எழுத எனக்கு வெட்கமாக இருந்தது. தனியாக அவரிடம் மன்னிப்புக் கேட்டாயிற்றே என்று சமாதானம் செய்துகொண்டேன்.

அப்பாவுக்கு நெஞ்சில் சளி கட்டியது. மூச்சு மாறுகிறது என்பதை முதலில் கவனித்தவர் கலைமதிதான். முன்கூட்டியே போன் செய்ததால் நாங்கள் எல்லோரும் பக்கத்தில் இருந்தோம். காலைச் சிற்றுண்டி நேரம். அவர் அப்பாவின் உடம்பைத் துடைத்து வெள்ளை வேட்டி கட்டிவிட்டார். அப்பா அமைதியாகப் போய்விட்டார். கடைசியாக என்ன சொன்னார் என்று பலர் கேட்டீர்கள். இரண்டு நாளாகவே அவர் எதுவும் பேசவில்லை.

அன்று பந்தலில் நிறைய நாற்காலி போட்டிருந்தோம். கலைமதி செருப்புகள் கிடந்த இடத்தில், காம்பவுண்டு சுவரை ஒட்டி மாலை வரை நின்றுகொண்டிருந்தார். யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. “இவுங்கதான அந்த வீடியோவுல வந்தவுங்க?” என்று நம்மவர் ஒருவர் இன்னொருவரிடம் கேட்டது என் காதில் விழுந்தது. கலைமதி காதிலும் விழுந்தது. துக்கத்தில் இருந்தேன் என்று இதற்கு நான் சாக்குச் சொல்லமாட்டேன். அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும்.

போன மாதம் கலைமதி எனக்குப் போன் செய்தார். சிதம்பரத்தில் ஒரு வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்து, மூன்றாம் நாளே அனுப்பிவிட்டார்களாம். அந்த வீட்டாருக்கு யாரோ அந்த வீடியோவைக் காட்டியிருக்கிறார்கள். இது இரண்டாவது வீடு. “நீங்க போட்டது இன்னும் சுத்திகிட்டுதான் இருக்கு மேடம்” என்றார். குரலில் கோபம்கூட இல்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

நேரில் போனேன். அப்பாவுக்கு மலர் போடுகிறோம், அந்த வீடியோவைப் பார்த்தவர்கள் எல்லோர் கைக்கும் அது போகும், அதில் உண்மையை எழுதுகிறேன் என்றேன். பெயரைப் போட்டால் சங்கடமாக இருக்குமோ என்று, “ஒரு பணியாளர்னு மட்டும் எழுதட்டுமா?” என்று கேட்டேன்.

“ஏன் மேடம், குரூப்புல போட்டப்ப என் மூஞ்சி தெரிஞ்சுதுல்ல? பேர முழுசா போடுங்க.”

இனி நன்றி சொல்லும் இடம். அப்பாவுக்கு வைத்தியம் பார்த்த டாக்டருக்கும், வாரம் தவறாமல் வந்து கை கால் பயிற்சி கொடுத்தவருக்கும், செவ்வாய்க்கிழமைகளைத் தந்த மாமாவுக்கும், கூப்பிட்ட குரலுக்கு ஓடிவந்த மஞ்சக்குப்பத்து அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. உங்கள் ஒவ்வொருவரையும் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

எங்கள் அப்பாவைக் கண்ணும் கருத்துமாகக் காத்தவர் பெயர் ச. கலைமதி. ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு அவர் கையில் இருந்த அப்பாவின் உடம்பில் ஒரு புண் வரவில்லை. அவர் கேமராவை மூடியது அப்பாவின் மானத்துக்காக. அவர்மீது நான் சொன்னது பொய். அந்த வீடியோ இன்னும் உங்கள் போனில் இருக்கும். தயவு செய்து அதை அழித்துவிடுங்கள். யாருக்கெல்லாம் அனுப்பினீர்களோ அவர்களுக்கெல்லாம் இந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். நான் போட்ட பழி போன வேகத்தில் இதுவும் போய்ச் சேரட்டும்.

அப்பாவின் மகள்
சிதம்பரம்